சுழற்காற்றுக் கொண்டுபோன பாகம்

நாவல் வாசிப்பது நேரத்தைப் பாழாக்கும் வேலை என்று சொல்லும் கட்சி ஒன்று நம்மவர் வீடுகள்தோறும் உண்டு. அக்கட்சிக்குத் தலைவர் பெரும்பாலும் வீட்டின் தாயாராகவே இருப்பார். பரீட்சை நெருங்குங் காலத்தில் அக்கட்சியின் கை மிகவும் ஓங்கிவிடும். பாடப்புத்தகத்தின் நடுவே கதைப்புத்தகத்தை ஒளித்துவைத்து வாசித்த குற்றத்துக்காகக் காது திருகப்பெறாதவர் நம்முள் எத்தனை பேர்? நாமும் திருகப்பெற்றவர்களே. இன்று கல்லூரி ஆசிரியராகி, வயதும் நாற்பதைக் கடந்து, பிறர் பிள்ளைகளின் புத்தகப் பைகளைச் சோதிக்கும் அதிகாரம் நம் கைக்கு வந்த பின்னரும் அந்தப் பழக்கம் நம்மை விட்டபாடில்லை.

நாம் இலக்கிய விமரிசகர் அல்லர். விமரிசகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நூல்கள் சிலவற்றை வாசித்திருக்கின்றோம். வேறு சிலவற்றைப் பாதியில் மூடியும் இருக்கின்றோம். ஆயின், பொழுது சாயும் வேளையில் வாவிக் காற்று வீசத் தொடங்கியதும், சாய்மனைக் கதிரையில் அமர்ந்து கை தானாகவே எடுப்பது சரித்திர நாவலைத்தான். அஃதில்லையேல், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பெற்ற போர்க்கால நாவலை. நாற்பது வயதில் பிள்ளைகளின் புத்தகமா என்று வீட்டிலும் கேட்கின்றார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரை எழுதுகின்றோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் தந்தையாரும் ஆசிரியரே. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் வாங்கித் தடித்த மட்டை கட்டுவித்து ஓர் அலுமாரியில் வைத்திருந்தார். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. தென்னைகள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்த அந்த இரவைப் பற்றி இவ்வூரில் முதியோரைக் கேட்டால் இன்றும் விடியும்வரை சொல்லுவார்கள். நம் வீட்டில் கூரை போயிற்று, அலுமாரி சரிந்தது, மறுநாட் காலையில் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் புத்தகங்களைப் பொறுக்கினார்களாம். நான்கு பாகங்கள் நீரில் ஊறி வீங்கிய நிலையில் கிடைத்தன. ஒன்று மாத்திரம் அகப்படவே இல்லை. அஃது இரண்டாம் பாகம். அப்பாகத்துக்குக் கல்கி இட்ட பெயர் ‘சுழற்காற்று’! தன் பெயர் எழுதிய புத்தகத்தைச் சூறாவளி தானே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று தந்தையார் வந்தவர் போனவர்க்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இவை நாம் பிறக்கு முன்னர் நடந்தவை. ஆனால் அவற்றால் வந்த நட்டம் நம்முடையது. வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகேறி இலங்கைக்கு வருவதும், காடுமேடெல்லாம் அலைவதும், அருள்மொழிவர்மரை நேரிலே சந்திப்பதும் அந்தப் பாகத்தில்தான். நாமோ முதற் பாகத்தை முடித்துவிட்டு மூன்றாம் பாகத்துக்குத் தாவவேண்டியவர் ஆனோம். தஞ்சைக் கோட்டையின் நிலவறை நமக்குத் தெரியும். பழையாறை மாளிகையின் நந்தவனம் தெரியும். நம் சொந்தத் தீவில் நடந்தவை மாத்திரம் தெரியா. அவற்றைத் தந்தையார் வாய்மொழியாகச் சொல்லி நிரப்புவார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுவார் என்பதைப் பிற்காலத்திலேதான் கண்டுகொண்டோம்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது நமக்குப் பத்து வயது. மின்சாரம் நின்றது. பள்ளிக்கூடம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமையாயிற்று. குப்பி விளக்கைச் சுற்றி வீட்டிலுள்ளோர் அனைவரும் அமர, தந்தையார் ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று அளந்து வாசிப்பார். வெளியே எங்கேனும் வேட்டுச் சத்தம் கேட்டால் திரியைத் தணித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருப்பார். பின்னர் விட்ட வரியிலிருந்தே தொடங்குவார். வந்தியத்தேவன் நிலவறைக்குள் அகப்பட்டுக்கொண்ட இடத்தில் விளக்கை ஊதி அணைத்துவிட்டார். “மறுகா?” என்று கேட்டோம். பிறகு என்பதை மட்டக்களப்பார் அவ்வாறுதான் சொல்வோம். “மறுகா நாளைக்கு” என்றார். எண்ணெய் தீர்ந்துவிடும் என்ற கவலையால் அவ்வாறு நிறுத்தினார் என்றே அன்று நினைத்தோம்.

காணாமற்போன இரண்டாம் பாகம் பல ஆண்டுகள் சென்ற பின்பு கிடைத்தது. 1999 இல் தமிழ்நாட்டு அரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியது; மலிவுப் பதிப்புகள் பல வெளிவந்தன. கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் இரண்டாம் பாகம் தனியே கிடந்தது. இரவு பஸ்ஸில் ஏறியவர், கைமின்விளக்கின் ஒளியில் வாசிக்கத் தொடங்கி, மட்டக்களப்பில் இறங்கும்போதும் மூடாமலே இறங்கினோம். தந்தையார் சொன்ன கதையைக் காட்டிலும் கல்கி சொன்ன கதை சற்று நன்றாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரித்திர நாவல் வாசிப்போரை, நிகழ்காலத்துக்கு அஞ்சிப் பழங்காலத்துக்குள் ஓடி ஒளிபவர் என்று ஏளனஞ் செய்வாருண்டு. அவர்கள் ஒரு செய்தியைக் கவனித்தல் நன்று. கல்கியின் முதற் சரித்திர நாவலாகிய ‘பார்த்திபன் கனவு’ தொடராக வெளிவந்த காலம் 1941 முதல் 1943 வரை. இரண்டாம் உலக மகாயுத்தம் நம் வாசலுக்கே வந்த காலம் அது. 1942 ஏப்பிரலில், யப்பானியர் வந்திறங்கப்போகின்றனர் என்ற அச்சத்தால் சென்னைவாசிகள் பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு வெளியேறினர். அதே மாதம் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. 9 ஆந் திகதி திருகோணமலையில் விழுந்தது.

அந்த 9 ஆந் திகதிதான் மட்டக்களப்புக்கும் உரிய நாள். விமானந் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பெற்ற முதற் கப்பல் என்று பெயர் பெற்ற ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல், தாக்குதல் வரப்போகின்றது என்ற எச்சரிக்கையால் முதல்நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தைவிட்டு வெளியேறியிருந்தது. மட்டக்களப்புக்கு எதிரே கடலில் அதனை யப்பானிய விமானங்கள் கண்டுகொண்டன. விமானந் தாங்கிக் கப்பலாயிருந்தும் அன்று அதில் ஒரு விமானமேனும் இல்லை. சில நிமிட நேரத்துக்குள் அது மூழ்கிவிட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பலாகிய ‘வம்பயர்’ என்பதும் மூழ்கியது. எஞ்சியோரில் பெரும்பாலாரை ‘வீற்றா’ என்னும் வைத்தியசாலைக் கப்பல் கரைசேர்த்தது. ‘ஹேர்மிஸ்’ இன்றும் நம் கடலடியில் கிடக்கின்றது. சுழியோடுவோர் தேடி வந்து பார்த்துச் செல்கின்றனர்.

நம் அம்மம்மா அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி. கல்லடிப் பக்கத்தில் இருந்தார். அவர் சொல்லும் ‘ஹேர்மிஸ்’ வரலாறு மிகச் சுருக்கமானது. “வானம் இடிக்கல்ல மனே, கடல்தான் இடிச்சிது. அம்மா சோத்துப் பானையை அடுப்பால இறக்காமலே எங்களை இழுத்துக்கிட்டு ஓடினாவு. திரும்பி வந்து பார்த்தா, சோறு கரியாப் போயிருந்திச்சு.” முந்நூறு பேர் மாண்ட செய்தி அவருக்கு அப்போது தெரியாது. அந்தச் சோறு கருகிய மணம் மாத்திரம் எண்பது வயதிலும் அவர் மூக்கைவிட்டுப் போகவில்லை. சரித்திர ஆசிரியர் எழுதும் யுத்தம் வேறு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை காணும் யுத்தம் வேறு. நல்ல நாவலாசிரியர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கின்றார்.

‘பார்த்திபன் கனவு’ எவ்வாறு தொடங்குகின்றது என்று எண்ணிப் பாருங்கள். அரசவையில் அன்று, காவேரிக்கரைத் தோணித்துறையில். முதலில் நாம் காண்பது படகோட்டி பொன்னனையும் அவன் மனைவி வள்ளியையும். அரசன் போருக்குப் போவதும், மீளாததும், இளவரசன் நாடுகடத்தப்படுவதும் எல்லாம் அக்குடிசை வாயிலில் நின்று பார்க்கும் எளியவர் இருவரின் கண்களுக்கும் தெரிகின்றன. குருமண்வெளித் துறையில் தோணிக்குக் காத்துநின்று மண்டூர் முருகனைக் கும்பிடப் போய்ப் பழகிய நம் ஊரவர்க்குப் பொன்னன் அந்நியன் அல்லன். ‘சிவகாமியின் சபதம்’ முடியும்போது வாதாபி எரிந்துவிட்டது, சபதம் நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த வெற்றியினால் சிவகாமிக்கு வாழ்வு கிடைக்கவில்லை. ‘பொன்னியின் செல்வ’னிலோ பெரும் போர்கள் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலேயே நடந்துவிடுகின்றன. கைக்கு வந்த மகுடத்தை வேறொருவர் தலையில் வைப்பதே அக்கதையின் உச்சம். வாளும் வேலும் நிறைந்த நூல்கள் என்று வெளியே இருப்போர் நினைக்கின்றனர்; உள்ளே புகுந்தவர்க்குத்தான் தெரியும், அவை வீடு திரும்புவதைப் பற்றிய நூல்கள் என்பது.

கிழக்கிலங்கையார் பெருமைப்படத்தக்க ஒரு செய்தியையும் போகிற போக்கிலே சொல்லிவிடுகின்றோம். தமிழின் முதற் சரித்திர நாவல் என்று ஆய்வாளர் பலர் குறிப்பிடும் ‘மோகனாங்கி’யை எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அது சென்னையில் அச்சேறிய ஆண்டு 1895. கல்கி பிறந்ததே 1899 இல்தான்! ஆனால் சரவணமுத்துப்பிள்ளையும் கதைக்களத்தைத் தென்னிந்தியாவில், நாயக்கர் காலத்திலேதான் வைத்தார். நம் தந்தையாரின் அலுமாரியில் விடுபட்டிருந்த பாகம் அங்கேயும் விடுபட்டுத்தான் இருந்தது.

இனி, இரண்டாவது வகைக்கு வருவோம். சரித்திர நாவலுக்குத் தம்பி முறையான நூல்கள் இவை. மேல்நாட்டார் 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தைத் தம் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொன்னார்கள் என்பதை இவற்றிலே காணலாம். நமக்கு மிகவும் பிடித்தது இயன் செராலியர் என்னும் ஆங்கிலேயர் 1956 இல் வெளியிட்ட நாவல். ‘வெள்ளி வாள்’ என்று அதன் பெயரைத் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம். அவரும் நம்மைப் போல் ஆசிரியத் தொழில் செய்தவர். அதனாலும் ஒரு பாசம்.

கதை போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சோவில் நடக்கின்றது. யோசப் என்னும் தலைமையாசிரியர், வகுப்பறையில் மாட்டப்பெற்ற ஹிட்லரின் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார் என்பதற்காகச் சிறைக்கு அனுப்பப்படுகின்றார். பின்னர்த் தாயாரையும் பிடித்துச் செல்கின்றனர். வீடு வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றது. ரூத், எடெக், புரோனியா என்னும் பிள்ளைகள் மூவரும் கூரைவழியே தப்பி, இடிந்த கட்டடமொன்றின் நிலவறையில் குடியேறுகின்றனர். மூத்தவள் ரூத், பதின்மூன்று வயதுப் பெண், அந்த நிலவறையிலேயே ஒரு பள்ளிக்கூடம் வைக்கின்றாள்! சிறையிலிருந்து தப்பி வந்த தந்தை இடிபாடுகளுள் தன் வீட்டைத் தேடுகின்றார். அங்கே மிஞ்சிக் கிடந்தது, கடிதம் பிரிக்கும் வாள்போன்ற சிறு வெள்ளிக் கத்தி ஒன்றே. அதனை யான் என்னும் அனாதைச் சிறுவனிடங் கொடுத்து, என் பிள்ளைகளைக் கண்டால் சுவிற்சர்லாந்துக்கு வரச்சொல் என்று சொல்லிச் செல்கின்றார். யான் அதனைத் தன் மரப்பெட்டியில் வைத்துக்கொள்கின்றான். பெட்டியைத் தவிர அவனுக்கு உலகில் வேறு சொத்தில்லை. ஒரு சேவல் இருந்தது, அதுவும் போய்விடுகின்றது. பின்பு நால்வரும் போலந்திலிருந்து யேர்மனி வழியாக நடக்கத் தொடங்குகின்றனர்.

நூலின் பெரும்பகுதி நடப்பதும் உண்பதுந்தான். சப்பாத்து இல்லை, ரொட்டி எங்கே கிடைக்கும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, எடெக்கின் இருமல் ஏன் நிற்கவில்லை. இவற்றையே பக்கம் பக்கமாகச் சொல்லி நம்மை எழுந்திருக்கவிடாமல் கட்டிப்போடுகின்றார் ஆசிரியர். வழியில் யேர்மன் விவசாயி ஒருவரும் அவர் மனைவியும் பிள்ளைகளை வீட்டிலே வைத்துப் பராமரிக்கின்றனர். தங்கள் மைந்தர் இருவரையும் யுத்தத்தில் இழந்த பெற்றோர் அவர்கள். பகைநாட்டுப் பிள்ளைகளுக்குத் தம் மக்களின் இடத்தைக் கொடுக்கின்ற அந்த அத்தியாயத்தை எத்தனை முறை வாசித்தாலும் சற்று நிறுத்திக் கண்ணாடியைத் துடைக்கவேண்டியே இருக்கின்றது.

நற்கதை என்று நாம் சொல்வது இதனையே. கொடுமையை மறைத்துவிட்டு இனிப்பை மாத்திரம் ஊட்டும் கதைக்கு அப்பெயர் பொருந்தாது. சிறை, பசி, நோய், இழப்பு யாவும் இந்நூலில் உண்டு. ஆனால் எந்தக் கொடுமையும் பிள்ளையின் கண்மட்டத்துக்கு மேலே எழுப்பிக் காட்டப்படவில்லை. இரத்தத்தைக் காட்டி மிரட்டும் அவசரம் ஆசிரியருக்கு இல்லை. வழிதவறும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கதவு திறக்கும் என்ற நம்பிக்கையையும் அவர் கைவிடவில்லை.

சென்ற ஆண்டு முதலாந் தவணையில் ஏழாந் தரத்துப் பிள்ளைகளுக்கு இந்நூலை வாரம் ஓர் அத்தியாயமாகச் சொல்லத் தொடங்கினோம். ஆங்கில நூலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழிலே சொல்லுவோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை அதற்கென்று ஒதுக்கப்பெற்றது. மணி அடித்தும் ஒருவரும் எழுந்து போகாத வகுப்பை ஆசிரியத் தொழிலில் அடிக்கடி காண முடியாது, நாம் கண்டோம். ஒரு பையன், யானுடைய பெட்டியில் என்னென்ன இருந்தன என்று கொப்பியின் பின்பக்கத்தில் பட்டியலிட்டு வைத்திருந்தான். அவனுக்குக் கணக்குப் பாடத்தில் பட்டியல் இடுவதென்றால் வேம்பு.

முடிவு நமக்கென்றே எழுதப்பெற்றது போன்றது. பிள்ளைகள் கடைசியாகக் கடக்கவேண்டியது ஒரு பெரிய ஏரி. அக்கரையில் சுவிற்சர்லாந்து தெரிகின்றது. அந்த நேரம் பார்த்துப் புயல் எழுகின்றது. எடெக்கைக் காப்பதா, தன் அன்புக்குரிய நாயைக் காப்பதா என்ற சோதனை யானுக்கு. வாவிக்கரையிற் பிறந்து, தோணி கவிழ்ந்த கதைகளைத் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்களில் விளக்கவுரை ஒன்றுந் தேவைப்படவில்லை. காற்று எப்பக்கத்திலிருந்து அடித்தது என்று ஒருவன் கேட்டான். நாம் விடை தெரியாது விழித்தோம்.

‘வெள்ளி வாள்’ முடிந்ததும் இன்னொன்று வேண்டும் என்றனர். அமெரிக்க எழுத்தாளராகிய லோயிஸ் லோவ்ரி 1989 இல் எழுதிய நாவலை எடுத்தோம். நட்சத்திரங்களை எண்ணுதல் பற்றிய பெயருடையது. 1943 இல் டென்மார்க்கில் யூதர்களைப் பிடித்துச் செல்ல நாற்சிப் படையினர் திட்டமிட்டபோது, அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேரை ஒளித்து வைத்து, மீன்பிடிப் படகுகளிலே சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினர். இது நடந்த உண்மை. அதனைப் பத்து வயதுச் சிறுமி அனமரியின் வாயிலாக நூல் சொல்கின்றது. படகின் அடித்தட்டில், மீனுக்குக் கீழே மனிதர். கரையில் மோப்பநாயுடன் படையினர். நாயின் மோப்பத்தைக் கெடுக்கும் மருந்து தோய்ந்த கைக்குட்டையை, மதிய உணவுக் கூடையினுள் மறைத்து எடுத்துக்கொண்டு அச்சிறுமி விடியற்காலைக் காட்டுப்பாதையில் ஓடுகின்றாள். கூடைக்குள் என்ன இருக்கின்றது என்பது அவளுக்கே தெரியாது! நாவலடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, “எங்கட அப்பாவும் அப்பிடித்தான் சேர் செய்வார்” என்றாள், மிகவும் சாதாரணமாக.

இந்நிலையில் ஒருநாள் பாடசாலை விட்ட பின்பு தகப்பனார் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். வயது நம்மை ஒத்தவர். சைக்கிளைப் பிடித்தபடியே நின்று பேசினார்.

“சேர், கோவிக்கப்படா. பிள்ளையளுக்குச் சொல்ல வேற கதை இல்லையா? நாங்க பட்டது போதும் எண்டுதான் வீட்டில அதப்பத்தி ஒரு சொல்லும் கதைக்கிறல்ல. இவன் வந்து, பங்கர் எண்டா என்ன, முகாம் எண்டா என்ன எண்டு கேக்கிறான். ராவையில அவங்கட அம்மாவுக்கு நித்திரை இல்ல.”

அவர் சொன்னது நியாயம். உடனே விடை சொல்ல இயலவில்லை. 2009 இல் போர் முடிந்த பின்னர்ப் பிறந்த பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கு அந்த முப்பது ஆண்டுகளைப் பற்றி எதுவுந் தெரியக்கூடாது என்று நினைப்பது பெற்றோரின் அன்புதான். நாமும் நம் வீட்டில் அவ்வாறே செய்திருக்கின்றோம். ஆயினும், வார்சோ எரிந்தது தெரிந்த பிள்ளைக்குத் தன் அம்மம்மா ஏன் பட்டாசு வெடித்தால் கதவைப் பூட்டுகின்றார் என்பது தெரியாமலிருத்தல் சரியா? இதனை அவரிடம் கேட்கவில்லை. “அடுத்த கிழமை என்ன சொல்லுவதென்று யோசிக்கின்றோம்” என்று மாத்திரம் சொல்லி அனுப்பினோம்.

யோசித்தோம். போர்க்காலத்தைத் தமிழில் எழுதியவர் இல்லையா? இருக்கின்றனர். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ தென்கிழக்காசியாவில் யப்பானியர் காலத்தைக் காட்டும் அரிய நாவல். மலேசியத் தோட்டத் தொழிலாளர் சயாம்–பர்மா ரயிற் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டதை அந்நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலாக்கினார். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் மாண்ட தமிழர் எண்ணற்றோர். நம் நாட்டுப் போரையும் பலர் எழுதியுள்ளனர். ஆனால் இவை வளர்ந்தோர்க்குரியவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடங் கொடுத்து, வாசித்து முடித்த பின்பு நிம்மதியாக உறங்கு என்று சொல்லத்தக்கதாய், நம் வாவிக்கரையிலே நடப்பதாய், நம் கைக்கு ஒரு நூல் கிட்டவில்லை.

பொருளுக்கா பஞ்சம்? 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டியரசனைக் காணப் புறப்பட்டான். அவனுக்கு வழிகாட்டிச் சென்ற சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்தால் ஒரு நாவல். போர்த்துக்கேயர் கட்டிய நம் கோட்டையை 1638 மே மாதத்தில் ஒல்லாந்தரும் இரண்டாம் இராசசிங்கன் படையும் கைப்பற்றினர். உள்ளே சமையற்கட்டில் வேலை பார்த்த சிறுமியைக் கற்பனை செய்தால் இன்னொன்று. 1660 இல் கொட்டியாரத்திலே பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி இராச்சியத்தில் இருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், பிடிபடும்போது இருபது வயதுகூட நிரம்பாத இளைஞன். அவன் தன் அனுபவங்களை எழுதிவைத்தான். அவனைத் தம் வீட்டுத் திண்ணையில் உண்ணச் செய்தவர்களோ எழுதவில்லை. பின்னர் ‘ஹேர்மிஸ்’. கருகிய சோற்றோடு அதற்கு முதலாம் அத்தியாயம் தயாராகவே இருக்கின்றது. நாம் எழுதலாமே என்று வாசகர் கேட்பீர்கள். இருமுறை தொடங்கினோம். நாவல் வாசிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் எழுதவும் வந்துவிட்டால் உலகம் தாங்குமா?

எனவே ஓர் எளிய காரியஞ் செய்தோம். யானுடைய மரப்பெட்டியை நினைவூட்டி, “உங்கள் வீட்டுப் பெரியோர் வீட்டை விட்டு ஓடியபோது கையில் எடுத்துச் சென்ற பொருள் யாது? விரும்பினால் கேட்டு எழுதி வாருங்கள். அவர்கள் சொல்ல விரும்பாவிடின் வற்புறுத்த வேண்டா” என்றோம். யார் சுட்டார், ஏன் சுட்டார் என்று கேட்கச் சொல்லவில்லை. பொருளைப் பற்றி மாத்திரமே கேட்கச் சொன்னோம். மறுவாரம் முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் எழுதி வந்தனர்.

தையல் மெசினின் தலைப்பாகம். கால்பகுதி பாரம் என்று விட்டுவிட்டார்களாம். விதைநெல் ஒரு பை. பொலித்தீன் உறையிற் சுற்றிய பரீட்சைச் சான்றிதழ். வீட்டுத் திறப்பு, வீடு இல்லை, திறப்பு இன்னும் சாமியறையில் இருக்கின்றதாம். ஒரு பெண் எழுதியிருந்தாள்: கோழியை எடுத்துக்கொண்டு ஓடிய அம்மம்மா, கோழி கத்திக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து வழியிலே விட்டுவிட்டு, இன்றைக்கும் அதைச் சொல்லி வருந்துகின்றாராம். யானின் சேவலை நினைத்து வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. ஒருவன், 1990 அல்ல, 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது தாயார் எடுத்தது என்று எழுதியிருந்தான். “ஒன்றும் எடுக்கவில்லை, என் அக்காவை எடுத்தார்” என்று ஒரே வரி.

தகப்பனார் வந்து முறையிட்ட அந்தப் பையன் எதுவும் எழுதி வரவில்லை. நாமும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, கல்லடிப் பாலத்தடியில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அத் தகப்பனாரைக் கண்டோம். அவரே கிட்ட வந்தார். தம்முடைய தகப்பனார் 1990 இல் வெள்ளாமை பார்க்கப் படுவான்கரைக்குப் போனவர், திரும்பி வரவில்லை என்றார். அவர் போகும்போது விட்டுச்சென்ற கைக்கடிகாரத்தை மகனுக்குக் காட்டினாராம். அதுவரை அலுமாரியின் அடித்தட்டில் கிடந்ததாம். சாவி கொடுத்துப் பார்த்தார்களாம், ஓடவில்லையாம். இதனைச் சொல்லிவிட்டு, கையிலிருந்த மீன்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சற்று நின்றார்.

“சேர், அந்தக் கதையில... அந்தப் பிள்ளையள் கடைசியில தகப்பனைக் கண்டதுகளா?”

“ஓம், ஏரிக்கரையில் கண்டார்கள்” என்றோம்.

“பொடியன் எனக்கு அதுவரைக்கும் சொல்லல்ல. நான் இருந்து கேக்கிறன் எண்டு, ஒவ்வொரு ராவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்லுறான்” என்றார் அவர்.